கனடா லப்டொப்பும் உவர்மலை வைஃபையும்

திருகோணமலை உவர்மலையில் பெரியம்மா வீட்டில் கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு தரமும் ஒரே கதைதான். ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். பெரியம்மாவின் போனில் வட்ஸ்அப் செய்திகள் வந்து கொட்டும். ரிவியில் யூரியூப் ஓடும். தங்கச்சியின் லப்டொப்பில் மட்டும் வீட்டு வைஃபையின் பெயரே தெரியாது. அவள் ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, திரும்பப் போடுவாள். சில நேரம் பெயர் வந்துவிடும். சில நேரம் இன்னும் இரண்டு தரம் அணைத்துப் போட வேண்டும். ஒருநாள் எத்தனை தரம் போட்டும் வராமல், வளாகத்துக்கு அனுப்ப வேண்டிய ஒப்படைக்கு நேரம் கடந்துவிட்டது. அன்றிரவு எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, வைஃபை செத்துப்போச்சு. நாளைக்கு ஒருக்கா வந்து பாரன்."

நான் போய்ச் சேருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெடியன் குண்டூசியோடு வந்து போயிருந்தான். ரவுட்டரின் பின்பக்கத்துச் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தியிருக்கிறான். வைஃபையின் பெயர், பாஸ்வேர்ட், இணைய நிறுவனத்து ஆட்கள் வந்து போட்டுவிட்டுப் போன அமைப்புகள் எல்லாம் அழிந்து, இப்போது போனுக்கும் இல்லை, ரிவிக்கும் இல்லை. ஒரு வருத்தத்துக்கு மருந்து கேட்ட வீட்டில் மூன்று வருத்தம். நிறுவனத்தை அழைத்து அமைப்புகளைத் திரும்ப எடுக்க அரை நாள் போனது. எடுத்த பிறகு போனும் ரிவியும் பழையபடி ஓடின. லப்டொப்பும் பழையபடிதான்.

அந்தப் பெடியனில் பிழை சொல்ல மனமில்லை. "வைஃபை வேலை செய்யவில்லை" என்று நாம் சொல்லும்போது குறைந்தது ஐந்து வேறு வேறு கோளாறுகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது, சில வேளை கெடுக்கவும் செய்யும். எந்த இடத்தில் தடைப்பட்டது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் திருத்தப் போவதில்தான் மினக்கேடு முழுவதும் இருக்கிறது.

முதலில் என்ன நடக்க வேண்டும்

ரவுட்டர் சும்மா இருப்பதில்லை. விநாடிக்குப் பத்துத் தரம் அளவில் "என் பெயர் இது, நான் நிற்கும் சனல் இது, போட்டிருக்கும் பூட்டு இன்ன வகை" என்று ஒரு சிறு அறிவிப்பைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். சனல் என்பது அலைவரிசையில் பிரித்து வைத்த ஒரு துண்டு. லப்டொப் ஒவ்வொரு சனலாகக் காதுகொடுத்துக் கேட்டு, காதில் விழுந்த பெயர்களைப் பட்டியலாகக் காட்டுகிறது. இது முதலாவது. பெயரைத் தொட்டு பாஸ்வேர்டைக் கொடுத்ததும் இரண்டாவது கட்டம்: பாஸ்வேர்டைக் காற்றில் அனுப்பாமலே, இரு பக்கமும் வைத்திருப்பது ஒன்றுதானா என்று நான்கு செய்திகளில் சரிபார்த்துக்கொள்கின்றன. மூன்றாவது, லப்டொப் தனக்கொரு இலக்கம் கேட்கிறது. ரவுட்டர் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரி ஒன்றை வாடகைக்குக் கொடுக்கிறது. வாடகை என்பது விளையாட்டுப் பேச்சில்லை. அதற்குத் தவணை உண்டு, பல ரவுட்டர்களில் ஒரு நாள். நான்காவது, ரவுட்டரிலிருந்து ஃபைபர் வயர் வழியாகவோ 4ஜி கோபுரம் வழியாகவோ வெளியுலகம். ஐந்தாவது, நீங்கள் தட்டும் தளப்பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டிஎன்எஸ்.

இந்த ஐந்தில் எங்கே நின்றது என்பதைத் திரையே பாதி சொல்லிவிடும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் முதலாவது. பெயர் இருக்கிறது, தொட்டால் "இணைய முடியவில்லை" என்கிறது என்றால் இரண்டாவது. இணைந்துவிட்டேன் என்கிறது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் மூன்றாவது. வீட்டில் எந்தக் கருவிக்கும் நெற் இல்லையென்றால் நான்காவது. அதற்கு லப்டொப்பைத் திட்டிப் பயனில்லை. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி நின்றுவிட்டது, நிறுவனத்தை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மீதிப் பாதியைச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது, இரண்டு நிமிடம்கூட ஆகாது. உங்கள் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு லப்டொப்பை அதில் இணையுங்கள். இணைந்து நெற்றும் வந்தால் லப்டொப்பின் வைஃபை அட்டை, அதாவது உள்ளே அலையைப் பிடிக்கும் உறுப்பு, உயிரோடு இருக்கிறது. அதற்கும் இந்த ரவுட்டருக்கும் இடையில்தான் ஏதோ ஒத்துப்போகவில்லை. அங்கேயும் இணையாவிட்டால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். ஒரேயொரு கவனம்: புதிய போன்கள் சில ஹொட்ஸ்பொட்டை 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் போடும். லப்டொப் பழையதென்றால் போனின் அமைப்பில் 2.4க்கு மாற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

தங்கச்சியின் லப்டொப் ஹொட்ஸ்பொட்டில் உடனே இணைந்தது. அது மட்டுமில்லை, பட்டியலில் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் ஆறேழு வரிசையாக நின்றன. இரண்டு மதில் தாண்டியிருப்பவர்களின் வைஃபை தெரிகிறது, பத்தடி தள்ளி இருக்கும் சொந்த ரவுட்டர் தெரியவில்லை. தூரம், சுவர், பாஸ்வேர்ட் என்று நான் மனதில் வைத்திருந்த சந்தேகங்கள் அந்த ஒரு காட்சியோடு கழிந்தன.

பெயர் ஏன் காணாமல் போகிறது

வைஃபைக்கு இரண்டு பெரிய வீதிகள் இருக்கின்றன: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். இப்போதைய ரவுட்டர்கள் பல இரண்டிலும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு நிற்கும், அதனால் உங்கள் போன் எந்த வீதியில் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பழைய லப்டொப்களில் 2.4 மட்டும்தான் இருக்கும். அட்டையின் பெயரில் 802.11 பி, ஜி, என் என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அந்த வகை. ஏசி, ஏஎக்ஸ் என்று இருந்தால் 5உம் உண்டு. பெரியம்மா வீட்டில் போனும் ரிவியும் 5இல் சுகமாக ஓடின. லப்டொப்புக்கு அந்த வீதி கிடையாது.

சரி, 2.4இல் மட்டும் என்ன நடந்தது? அங்கே சனல்கள் 1 முதல் 13 வரை இருக்கின்றன. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 13உம் புழக்கத்தில் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 வரைதான். அந்தச் சந்தைக்கென்று செய்த சில அட்டைகள் 12ஐயும் 13ஐயும் எட்டிப் பார்ப்பதே இல்லை. ரவுட்டர் அங்கே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த அட்டைக்கு அப்படியொரு சனல் உலகத்திலேயே இல்லை.

தங்கச்சியின் லப்டொப் அண்ணா கனடாவிலிருந்து அனுப்பியது.

போனில் வைஃபை சனல்களைக் காட்டும் இலவச செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வீட்டு ரவுட்டர் 2.4இல் 13ஆவது சனலில் நின்றது. சனலைத் தானே தெரிவுசெய்யும்படி ரவுட்டர் அமைக்கப்பட்டிருந்தது. அப்படி அமைத்தால், கரண்ட் வந்து விழிக்கும் ஒவ்வொரு முறையும் அது சுற்றிலும் கேட்டுப் பார்த்து நெரிசல் குறைந்த சனலில் போய் உட்காரும். உவர்மலையில் வீடுகள் நெருக்கம். எல்லார் ரவுட்டரும் 1, 6, 11 என்று நிற்க, 13 காலியாகத் தெரிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டதில் சில வேளை வேறு சனல் விழுந்தது, லப்டொப்பும் பெயரைக் கண்டது. அணைத்துப் போட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை வீட்டில் எப்படி வேரூன்றியது என்றும் விளங்கியது. லொத்தர் சீட்டு வாங்குவதும் அதுவும் ஒன்றுதான், எப்போதாவது விழும்.

வைத்தியம் இரண்டு நிமிட வேலை. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி, உள்ளே போய், 2.4இன் சனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 6இல் நிறுத்தினேன். சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினேன். லப்டொப்பில் பெயர் வந்து நின்றது.

ஏன் 6, ஏன் காலியாக இருந்த 3 இல்லை என்று தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. 2.4இல் ஒரு சனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ்தான், ஆனால் ஒரு ரவுட்டர் பேச 20 வேண்டும். 3இல் நின்றால் 1இல் நிற்பவரோடும் முட்டும், 6இல் நிற்பவரோடும் முட்டும். ஒரே சனலில் நிற்பவர்கள் ஒருவர் பேசி முடிக்க மற்றவர் பொறுத்திருப்பார்கள், வைஃபைக்குள் அப்படியொரு ஒழுங்கு இருக்கிறது. பாதி பாதி மேலே விழும் சனல்காரரின் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சல். 11 வரையுள்ள சனல்களில் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11 மூன்றும்தான். நெரிசலான 6 வெறிச்சோடிய 3ஐவிட நன்றாக ஓடுவதற்கு இதுதான் காரணம்.

பெயர் தெரியாமல் போக வேறு வழிகளும் உண்டு. வைஃபை 6 என்ற தலைமுறை ரவுட்டரைப் புதிதாக வாங்கியவர்களுக்கு ஒன்று நேரும்: பழைய ட்ரைவரோடு, அதாவது அட்டையை இயக்கும் பழைய மென்பொருளோடு, இருக்கும் சில அட்டைகளுக்கு அந்த ரவுட்டரின் அறிவிப்பு விளங்காது, பட்டியலில் காட்டவே மாட்டாது. ட்ரைவரைப் புதுப்பித்தால் தெரியும். லப்டொப்பின் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசை தெரியாமல் அமுங்கியிருப்பது இன்னொன்று. சிரிக்க வேண்டாம், நானே ஒரு மணித்தியாலம் அதில் தொலைத்திருக்கிறேன்.

துறைமுகத்துக் கப்பல்மேல் ஒரு பழி

5 கிகாஹேர்ட்ஸ் பெயர் திடீரென்று மறைந்து சிறிது நேரம் கழித்து வந்தால், திருகோணமலையில் பலர் உடனே சொல்லும் காரணம்: "கப்பல் வந்து நிக்குது, ரேடார் அடிக்குது." இதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதனால்தான் முழுதாக மறுக்கவும் முடிவதில்லை.

5 கிகாஹேர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சனல்கள் ரேடார்களோடு பங்குபோட்டுக்கொண்டவை. வானிலை ரேடார்கள் பல 5.6 கிகாஹேர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன, இராணுவ ரேடார்களில் சிலவும் அந்தப் பக்கம் உண்டு. வைஃபைக்கு அங்கே இடம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். ரவுட்டர் பேசத் தொடங்குமுன் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் துடிப்பு கேட்டால் பத்து விநாடிக்குள் அந்தச் சனலைக் காலி பண்ண வேண்டும், அரை மணி நேரத்துக்கு அங்கே திரும்பக் கூடாது. இதற்கு டிஎஃப்எஸ் என்று பெயர். ரவுட்டர் ஓடி வேறு சனலுக்குப் போகும் அந்த நேரத்தில் லப்டொப் துண்டிக்கப்படும். சில ரவுட்டர்கள் ரேடார் இல்லாத இரைச்சலையும் ரேடார் என்று பயந்து ஓடும்.

ஆனால் துறைமுகத்துக்குள் வந்து போகும் சரக்குக் கப்பல்களின் வழிகாட்டும் ரேடார் 3 கிகாஹேர்ட்ஸ் அளவிலோ 9.4 அளவிலோதான் இயங்கும். இரண்டும் வைஃபையின் வீதிகளில் இல்லை. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் இருக்கும் ஊரில் வேறு வகை ரேடார் எதுவுமே இருக்காது என்று நான் சத்தியம் பண்ணப் போவதில்லை. அதைத் தேடி அலையவும் தேவையில்லை. ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் சனலை, அகலம் 80 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் போகாமல், 36 முதல் 48க்குள் ஒன்றில் நிறுத்திவிட்டால் டிஎஃப்எஸ் சட்டமே பொருந்தாது. அதன் பிறகும் பெயர் மறைந்தால் காரணம் கப்பல் இல்லை.

அலையின் நீளம்

ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலிக்குத் திருகோணமலையில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் பல ஆண்டுகள் இயங்கியது. அங்கிருந்து மத்திய அலையில் 1548 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பு நடந்தது. அந்த அலையொன்றின் நீளம் ஏறத்தாழ 194 மீற்றர். வீடு, மரம், சிறு குன்றெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை, வளைந்து போய்விடும். உங்கள் வீட்டு வைஃபை அலையின் நீளம் 2.4இல் பன்னிரண்டரை சென்ரிமீற்றர், 5இல் ஆறுக்கும் குறைவு. ஒரு சாணுக்கும் குறைந்த அலைக்கு அலுமாரிக் கதவே மலை.

இதனால்தான் ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. வயர் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே, பெரும்பாலும் விறாந்தைச் சுவரோடு, ரவுட்டரைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளை படிப்பது பின்னறையில். இடையில் சீமெந்துக் கல் சுவர் இரண்டு, இரும்பு அலுமாரி ஒன்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. கண்ணாடியின் பின்னால் பூசியிருக்கும் உலோகப் படலம் அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அலையைக் குடிக்கும், மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கலாம். தகரமும் பிறிஜ்ஜும் வாசற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடும். குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் நெற் திணறினால், அந்த அடுப்பும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அலையின் பலத்தை டெசிபெல் கணக்கில் எழுதுவார்கள், எப்போதும் கழித்தல் குறியோடு. -50 என்றால் அருமை. -67 வரை காணொளி வகுப்புத் தடையில்லாமல் ஓடும். -80க்குக் கீழே பெயர் தெரியும், இணைவது பெரும்பாடு. -50க்கும் -80க்கும் வித்தியாசம் முப்பதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. பத்துக் குறைந்தால் பலம் பத்தில் ஒன்று, முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று. போனிலுள்ள அதே செயலி இந்த எண்ணையும் காட்டும். லப்டொப் வைக்கும் மேசையில் போனை வைத்துப் பார்த்தால் சுவரில் பிழையா அட்டையில் பிழையா என்று தெரிந்துவிடும். போன் -55 காட்டும் அதே மேசையில் லப்டொப் ஒற்றைக் கோட்டோடு தள்ளாடினால், மூடியைக் கழற்றித் திருத்தியவர்கள் யாராவது அண்டெனா வயரைத் திரும்பக் கொளுவ மறந்திருக்கலாம். பழைய லப்டொப்களில் இது நான் அடிக்கடி காண்பது.

யூஎஸ்பியில் கொளுவும் சின்ன வைஃபை அட்டை பாவிப்பவர்களுக்குத் தனியே ஒரு சொல். யூஎஸ்பி 3 வகைத் துளையும் அதில் கொளுவிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும். இன்டெல் நிறுவனமே இதை 2012இல் விளக்கி வெளியிட்டது. அட்டையை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொளுவாமல், ஒரு நீட்டு வயர் போட்டுத் தள்ளி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பூட்டு, முகவரி, மணிக்கூடு

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் இணையாது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது திரையின் கீழ்மூலையை. தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், புள்ளிகளாக மறைந்திருக்கும் பெட்டிக்குள் நீங்கள் தட்டுவது தமிழ் எழுத்து. வைஃபை பாஸ்வேர்ட் ஆங்கில எழுத்து, இலக்கம், குறிகளால் 8 முதல் 63 இடம் வரை இருக்க வேண்டும். கண் படம் போட்ட பொத்தானை அழுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ரவுட்டரின் பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருந்தால் லப்டொப் பழையதையே பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கும். பெயரின்மேல் வலது பொத்தானை அழுத்தி, அந்த வலையமைப்பை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாக இணைய வேண்டும். இன்னொரு காரணம் பூட்டின் வகை. டபிள்யூபிஏ2 பூட்டு 2004இலிருந்து இருக்கிறது, டபிள்யூபிஏ3 2018இல் வந்தது. புதிய ரவுட்டரை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய லப்டொப்புக்கு அந்தப் பூட்டின் திறப்பே கிடையாது. டபிள்யூபிஏ2க்கு இறக்கினால் இணையும். அதற்கும் கீழே, 1997ஆம் ஆண்டின் டபிள்யூஇபி வரை இறங்கிவிட வேண்டாம். அது 2001இலேயே உடைந்துபோன பூட்டு.

முகவரிக் கட்டத்துக்கு வருவோம். 169.254 என்று தொடங்கும் இலக்கத்தை லப்டொப் தானே தனக்குப் போட்டுக்கொள்கிறது. ரவுட்டரிடம் கேட்டேன், பதில் வரவில்லை என்பதன் அடையாளம் அது. ரவுட்டரிடம் இலக்கங்கள் தீர்ந்திருக்கலாம். சொந்தக்காரர் நிறையப் பேர் வந்து தங்கிய வீடுகளிலும் நிலாவெளிப் பக்கத்துச் சிறு விடுதிகளிலும் நடக்கும். அதைவிட அடிக்கடி நான் காண்பது, அலுவலகத்தில் யாரோ லப்டொப்புக்கு நிலையான முகவரி ஒன்றைக் கையால் போட்டுவிட்டு மறந்திருப்பது. அலுவலகத்தில் ஓடும், வீட்டில் ஓடாது. தானாகப் பெறும்படி மாற்றிவிட்டால் முடிந்தது.

இணைந்தும் "நெற் இல்லை" என்று உருண்டைப் படம் காட்டும்போது விண்டோஸ் எப்படி அந்த முடிவுக்கு வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. மைக்ரோசொஃப்டின் ஒரு சின்னத் தளத்திலிருந்து ஒற்றை வரிக் கோப்பொன்றை எடுக்கப் பார்க்கும். வந்தால் நெற் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் டிஎன்எஸ் பிசகினாலோ, முன்பு போட்ட விபிஎன், அதாவது நெற்றை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி, பாதியில் நின்றிருந்தாலோ, நெற் இருந்தும் இல்லை என்று சொல்லும். டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ கையால் போட்டுப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

மணிக்கூட்டையும் ஒருக்கால் பாருங்கள். பழைய கணினியின் தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற பற்றரி செத்துவிட்டால், கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கணினி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். வைஃபை இணையும், ஆனால் தளங்கள் திறக்காது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவேயில்லை. நூறு, இருநூறு ரூபா பற்றரிக்காக ரவுட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இணைந்து இணைந்து அறுவது

இது வேறு வகை. சிறிது நேரம் ஓடும், நிற்கும், திரும்ப வரும். லப்டொப் பற்றரியில் ஓடும்போது மட்டும் இப்படியென்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் வைஃபை அட்டையை உறங்க வைக்கிறது. டிவைஸ் மனேஜரில் அட்டையின் பண்புகளுக்குள் போய், அட்டையை அணைக்கக் கணினிக்குக் கொடுத்திருக்கும் அனுமதியை எடுத்துவிடலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து, ஷட்டவுன் கொடுத்தால் பல கணினிகள் முழுதாக அணைவதில்லை. உள்ளகப் பகுதியையும் ட்ரைவர்களையும் அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த தடவை அங்கிருந்தே தொடர்கின்றன. குழம்பிப்போன ட்ரைவர் காலையிலும் குழம்பியபடியே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "நேற்று இரவே அணைத்துவிட்டேன், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது" என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுந்து வந்தால் ரவுட்டரின் மின் அடப்டரைச் சந்தேகியுங்கள். பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. வயதான அடப்டர் விளக்குகளை எரிய வைக்கும் அளவுக்குக் கொடுக்கும், நாலு பேர் சேர்ந்து காணொளி பார்க்கும்போது தளரும். ரவுட்டர் சத்தமில்லாமல் தானே அணைந்து எழும்பும். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு வரை பார்த்த பிறகு, ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்கியவர்கள் இங்கே நிறைய. அதற்குள்ளிருக்கும் பற்றரியும் இப்போது வயதாகிக்கொண்டு வருகிறது. அதைக் கழற்றிவிட்டு நேரே பிளக்கில் போட்டு ஒருநாள் பார்த்தால் தெரிந்துவிடும். கடற்கரையோடு இருக்கும் வீடுகளில், திருக்கடலூர், உப்புவெளிப் பக்கம், உப்புக் காற்று கொளுவி முனைகளில் பச்சைக் களிம்பாகப் படியும். வயரை அசைத்தால் வரும், கைவிட்டால் போகும். மாரி காலத்தில் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கரண்டை நிறுத்திவிட்டு முனையை நன்றாகத் துடைத்துப் போட்டாலே சில வீடுகளில் அறுவது நின்றிருக்கிறது.

விண்டோஸில் வலையமைப்பை முழுதாக மீளமைக்கும் ஒரு பொத்தானும் இருக்கிறது. அட்டைகளைக் கழற்றித் திரும்பப் பூட்டுவதற்குச் சமம். ஆனால் சேமித்த பாஸ்வேர்ட்கள் எல்லாம் போகும், விபிஎன் அமைப்பும் போகும். மேலே சொன்ன எதுவும் பிடிபடாதபோது மட்டும் அழுத்துங்கள். ரவுட்டரின் ஊசித் துளை அதற்கும் பின்னால், நிறுவனத்தின் அமைப்புகள் ஒரு தாளில் எழுதிக் கையில் இருந்தால் மட்டும்.

பெரியம்மா வீட்டில் கிளம்புமுன் ஒரு தரம் கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். ரவுட்டர் எழும்பி 6இலேயே நின்றது. லப்டொப் கேட்காமலே இணைந்தது. தங்கச்சி இன்னொரு தரம் நிறுத்திப் பார்க்கச் சொன்னாள், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்றாவது தரமும் பார்த்தோம். பிறகு வெள்ளைப் பிளாஸ்டர் துண்டொன்றில் "2.4 - சனல் 6, மாற்ற வேண்டாம்" என்று எழுதி, ரவுட்டரின் பின்பக்கம் அந்தச் சின்னத் துளைக்கு மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.